ஸ்பூன் வைக்காத சாப்பாட்டு டப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். எதிர்ச்சான்று கிடைக்கும்வரை அதை நம்பிக்கொள்கிறேன். மாடிக் குழாயின் ஒழுகல் நின்றுவிட்டது. உன் தம்பி இரண்டாம் முறையாக வண்டியைத் தூணில் இடித்துவிட்டு, தூண்தான் வழியில் நிற்கிறது என்று வாதாடுகிறான். இவை கிடக்கட்டும், நீ கட்டிக் கொடுத்த டப்பாவைப் பற்றி உன்னிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

விமானத்தில் கொடுப்பதே போதும், பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தும்படி வீட்டுச் சாப்பாட்டைப் பிரிப்பது நாகரிகமல்ல என்று நான் மறுத்தது உனக்கு நினைவிருக்கும். வாசனையே வராதுப்பா, பேசாம எடுத்துட்டுப் போங்க என்று பையில் திணித்தாய். ஆகவே முறைப்படியே நடந்துகொண்டேன். எல்லாருக்கும் தட்டு வரும்வரை காத்திருந்து, மடியில் துண்டு விரித்து, முழங்கையை என் எல்லைக்குள் அடக்கிய பிறகே திறந்தேன். சன்னலோரம் இருந்த, தையற்கடை வைத்திருப்பதாகச் சொன்ன ஓர் அம்மாள் ஏறியது முதல் என்னையே கவனித்தார். டப்பாவின் மேல்தான் கண் என்று சந்தேகித்து அதைச் சற்று இப்பால் நகர்த்திக்கொண்டேன். நீ சொன்னபடி வெங்காயம் இல்லை, குழம்பு இல்லை, வாசனை இல்லை. ஆனால் ரொட்டி ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் சுருட்டியிருந்தது. முட்டை நாலு துண்டு. ஆப்பிள் விரல்நுனி அளவு. சோதனை முடிந்து தண்ணீர் பிடித்துக்கொள்ள நீ வைத்த காலி பாட்டிலில் ஓர் உறிஞ்சுகுழல். ஸ்பூன் மட்டும் இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கூடாதென்றால் வாசனையைத் தவிர்த்தால் போதுமே, ஸ்பூனை எதற்குத் தவிர்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அந்த அம்மாள், பொண்ணு கட்டிக் கொடுத்ததாங்க, கெட்டிக்காரி, எங்கப்பாவுக்கு நானும் இப்படித்தான் நறுக்கி வைப்பேன், உங்களுக்குக் கை நடுக்கம் எத்தனை நாளா இருக்கு என்று கேட்டுவிட்டார். பயண அலுப்பு என்றேன். நாற்பது வருடம் கோர்ட்டில் பிறர் பொய்யைப் பிடித்தவன் நான்; என் பொய் எடுபடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

உன் வீட்டில் இருந்த பதினைந்து நாளும் வலது கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேனே, உனக்கு யார் சொன்னது? முதல் சந்தேகம் உன் அம்மாமேல். விசாரித்தேன். ஒரு வருஷமா உங்க டம்ளர்ல பாதிதான் ஊத்தறேன், வக்கீலுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா என்றாள். ஆனால் உன்னிடம் வாய் திறக்கவில்லை என்று சாதிக்கிறாள். என் குமாஸ்தாவும் மூன்று மாதமாகப் பத்திரங்களில் கையெழுத்துக்கான இடத்தை அகலமாக விட்டுவருவதை இப்போதுதான் கவனித்தேன். ஊரே அறிந்ததை ஒளித்தவன் நான் ஒருவனே. அது போகட்டும். போன வாரம் தொலைபேசியில், முன்னறை காலியாகத்தான் இருக்கா என்று கேட்டாய். எதற்கு என்றதற்கு, சும்மாத்தான் என்றாய். நம் குடும்பத்தில் யாரும் எதையும் சும்மா கேட்டதாகச் சரித்திரம் இல்லை. வேலையை விட்டுவிட்டு இங்கே வரத் திட்டமிடுகிறாய் என்று கருத எனக்குப் போதிய முகாந்திரம் இருக்கிறது. ஆறு வருடம் நாயாய் உழைத்து நீ பெற்ற பதவி அது. என் ஒரு கைக்காக உன் இரண்டு கையையும் கட்டிக்கொள்ளாதே.

ஆகவே ஓர் உடன்படிக்கை. வரும் புதன்கிழமை நரம்பு மருத்துவரிடம் போகிறேன். நான் எதையும் விழுங்கிவிடாதபடி அம்மாவும் உடன் வருகிறாள். அவர் சொல்வதை, நல்லதோ கெட்டதோ, ஒரு சொல் குறையாமல் உனக்கு எழுதுவேன். அதுவரை நீ ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் மூலப் பிரதியை எனக்கு அனுப்பிவிடு, பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். என்னைப் பார்க்க வா, தாராளமாக வா. ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட்டை முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும்.

நோய்நொடியின்றி நீடூழி வாழ்க. வேளைக்குச் சாப்பிடு.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும்,
உன் அப்பா

பி.கு.: டப்பாவில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.