மாமனார் வீட்டுக்கு மூன்றாவது வீடு

மே 14, புதன்

காலை ஏழுக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. கோயம்புத்தூர் பஸ் தாமதம். புதுச்சேரியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சாரம் ஏரியா. மாமனார் வாசலில். வெள்ளைச் சட்டை, கழுத்து பட்டன் வரை போட்டு. "வாங்க மாப்ள." பின்னால் அத்தை, முட்டியைப் பிடித்தபடி. காபி. நல்ல காபி.

வந்த வேலை வீடு பார்ப்பது. ரேவதிக்கு பாங்க்கில் மாற்றல் வந்துவிட்டது, ஜூனிலிருந்து புதுச்சேரி கிளை. எனக்கு வரைபட வேலை. கம்ப்யூட்டரும் கரண்ட்டும் இருந்தால் எந்த ஊரானாலும் சரி. பாப்பாவுக்கு இங்கே ஒன்பதாம் வகுப்பில் இடம் வாங்கியாச்சு. வீடு மட்டும் பாக்கி. ஒரு வாரம் லீவு. முதல் தடவையாக ரே. இல்லாமல் தனியாக மாமனார் வீட்டில்.

ஆபீஸில் எல்லாரும் ஒரே மாதிரி. "பாண்டிக்கா? கொடுத்து வச்சவன்யா." கண்ணடிப்பு வேறு. இந்த ஊரில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் வயசாகிறது என்று எவனுக்கும் தோன்றாது போல.

மாமா மார்ச் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எங்களுக்கு ஏப்ரலில்தான் தெரியும், அதுவும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா சொல்லி. ரே. ஒரே பெண். அன்றிலிருந்து ஃபோன் மணி அடித்தாலே அவள் முகம் மாறிவிடுகிறது. கேஸ்காரன் ஃபோனாக இருந்தாலும். இதை இன்னொரு வருஷம் பார்க்க என்னால் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

பார்க்க வேண்டியவை:
சாரம், இங்கேயே பக்கத்தில்.
ரெட்டியார்பாளையம் (அண்ணன் யோசனை).
கனகசெட்டிக்குளம் (தரகர் யோசனை, கடல் காற்றாம்).
லேப்டாப் சார்ஜர் வாங்க.

மே 15, வியாழன்

க.குளம் பார்த்தாச்சு. வடக்கு எல்லை, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. வீடு பெரிசு. மொட்டை மாடியில் நின்றால் கடல். தரகர் விடுவதாக இல்லை. "சார், இந்தக் காத்துக்கே ஆயுசு கூடும் சார்."

யாருடைய ஆயுசு? மாமாவுக்கு ஒன்று என்றால் ஈசிஆரில் வெளியூர் கார்களுக்கு நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு நான் வந்து சேருவதற்குள்? காற்று வாங்கிக்கொண்டே வரலாம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அண்ணன் ஃபோன். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர். அவர்தான் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார், அம்மாவும் அவரோடுதான்.

"ரெட்டியார்பாளையத்துல எடுடா. மாமனார் வூட்டுக்கு கிட்டயும் இல்ல, தூரமும் இல்ல. நம்மூருக்கும் அதே ரோடு."

"சாரத்துல எடுத்தா என்னா?"

"வூட்டோட மாப்ளன்னுவான்."

"தனி வூடுண்ணே. வாடகைக்கு."

"ஊரெல்லாம் ரசீது காட்டிக்கினு திரியப் போறியா?"

அவர் வைத்த பிறகுதான் எனக்கு மூன்று நல்ல பதில் வந்தது. எப்போதும் இப்படித்தான்.

சார்ஜர் மறந்தேன்.

மே 16, வெள்ளி

ரெ.பாளையம். இரண்டு வீடு. ஒன்றில் குழாய்த் தண்ணீர் மஞ்சள். இன்னொன்றில் வீட்டுக்காரர், "அசைவம் சமைப்பீங்களா?" "தினமும்" என்றேன். பொய். அவர் கேட்ட தோரணைக்காகச் சொன்னது.

திரும்பி வந்தால், இதே தெருவில் மாடி போர்ஷன் காலி! மாமா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஜன்னலில் நின்றால் மாமா வீட்டு வாசல் தெரிகிறது. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. பாப்பா ஃபோனில் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குத் தனி ரூம் இருக்காப்பா?" இருக்கிறது, கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. வேறு ஆளும் கேட்கிறார்களாம், செவ்வாய்க்குள் சொல்லிவிட வேண்டும்.

சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். வஞ்சிரம் வறுவல், எறா தொக்கு, அவித்த முட்டை. நான் வந்ததிலிருந்து தினமும் விருந்து. டேபிளில் எதிரே மாமா, சட்டையோடு. அத்தை நின்றுகொண்டே பரிமாறுகிறார். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துச் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "எதுக்கு மாப்ள சிரமம். அந்த வீட்ல வெளிச்சம் பத்தாது. ரெட்டியார்பாளையம் நல்ல எடம்."

அத்தையும், "ஆமா, அதான் நல்லது."

வெளிச்சம் பத்தாதாம். மின்துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர் சொல்கிற காரணம். வேண்டாம் என்கிறார்கள், தெளிவாகத் தெரிகிறது. என்ன தப்பு செய்தேன்?

மே 17, சனி

காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பின்பக்கச் சுவரோரம் அத்தையும் ஸ்டெல்லா அக்காவும். பேச்சு மேலே வரை கேட்டது.

"என்னாக்கா, முட்டி இன்னும் வீங்கிக்கினே இருக்குது?"

"எங்க உக்கார்றது. ஹால்ல மாப்ள இருந்தா நான் சேர்ல உக்கார முடியுமா? பகல்ல கால நீட்டி படுக்கவும் முடியல."

"அண்ணனுக்கு?"

"அவரு பாடு அதவிட. வெறும் ஒடம்போடவே கெடந்த மனுஷன், இப்ப விடியறதுக்குள்ள சட்ட. முதுகு பூரா வேர்க்குரு. விழுந்ததுலேந்து தோளு வேற தூக்க வரல."

"ஒரு வாரந்தானக்கா."

"இதே தெருவுக்கு குடி வர்றேன்றாரே. நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. வருஷம் பூரா எப்பிடிடி?"

கையில் கிளிப்போடு அப்படியே நின்றேன். இத்தனை வருஷத்தில் ரே.யோடு வருவோம், இரண்டு நாள் இருப்போம், போய்விடுவோம். அத்தை என் எதிரில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதைதான். அந்த மரியாதைக்குத்தான் முட்டி வீங்குகிறது.

நாள் முழுக்கக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. உதவிக்கு வருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன், வந்து அவர்கள் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரே.யிடம் ஃபோனில் சொன்னேன். அழுதாள். பிறகு, "ரெட்டியார்பாளையமே பாத்துடலாங்க. அவங்கதான் வேணான்றாங்களே."

"மாப்ளயதான வேணான்றாங்க. அந்த ஆள நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது.

மே 18, ஞாயிறு

ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த கடலையில் கொஞ்சம் எடுத்து என் கையில் கொட்டினாள்.

"எனக்கு இங்க ஆளு இருக்குது. அவங்களுக்கு யாரு இருக்கா? போய் இரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா மாமனார் வூட்டு மாடில துணி காயப்போடாத. பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க."

நேற்றே போட்டாச்சு என்று சொல்லவில்லை.

அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "வெக்கமா இல்லியாடா உனுக்கு?"

"இல்லண்ணே."

இந்தத் தடவை பதில் நேரத்துக்கு வந்தது. உண்மையிலேயே இல்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு வயசாகக் கூடாதா? தோள் இறுகக் கூடாதா? அண்ணியின் அப்பா படுக்கையில் கிடந்தபோது அண்ணி மட்டும் பஸ் ஏறி ஏறிப் போய் வந்தாள். அண்ணன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். அது கௌரவம். இது வெட்கம். நல்ல கணக்கு.

சாரம் திரும்பியதும் சட்டையைக் கழற்றினேன். பனியனையும். கைலியோடு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். தொப்பை தெரிந்தால் தெரியட்டும். நான் கழற்றினால் மாமாவும் கழற்றுவார் என்று எண்ணம். மாமா ஒரு முறை பார்த்தார், டிவி சத்தத்தைக் கூட்டினார். சட்டை அப்படியே. அத்தை சமையலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. உள்ளே நின்றுகொண்டே இருக்கிறார். நிலைமை இன்னும் மோசம்.

மே 19, திங்கள்

புழுக்கம். சார்ஜர் வாங்கியாச்சு.

சாப்பிட்ட தட்டை நானே கழுவப் போனேன். அத்தை பிடுங்கினார். நான் விடவில்லை. தட்டு கீழே விழுந்து விளிம்பு நெளிந்துபோனது. "ரேவதிக்கு தெரிஞ்சா என்னா நெனைப்பா." "சந்தோஷப்படுவா அத்த." காதில் வாங்கவில்லை.

மாமாவிடம் நேராகவே கேட்டேன். "வீட்ல எதுக்கு மாமா சட்டை? கழட்டிடுங்க."

"பழக்கம் மாப்ள. ஒண்ணும் வெக்கையா இல்ல."

கழுத்தெல்லாம் வேர்வை. டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன். என் பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினேன். மறுபடி. கடைசியில் ஃபேன் யாருக்கும் இல்லாமல் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தது.

பால் வாங்கப் போகும்போது ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொண்டார். "நீ வா தம்பி. இவங்க சொல்றத கேக்காத. எம் பையன் பிரான்சுல இருந்து மாசாமாசம் வீடியோ கால்ல எம் முட்டிய பாத்துட்டு, பெரிசாயிருக்கும்மான்றான். அவ்ளோதான் எனக்கு கெடைக்கிற வைத்தியம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தரகர் ஃபோன். க.குளம் இன்னும் காலியாம். காற்றும் இன்னும் அடிக்கிறதாம்.

நாளை செவ்வாய். வீட்டுக்கார அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவர்களை இப்படியே நிற்க வைத்துவிட்டு அந்த மாடிக்கு வருவது அநியாயம். தள்ளிப் போனால் மாமா மறுபடி விழும்போது மறுபடி ஸ்டெல்லா அக்கா சொல்லித்தான் தெரியும்.

கெஞ்சிப் பார்த்தேன். வேலை செய்து பார்த்தேன். இந்த வீட்டில் மாப்பிள்ளை எதைச் செய்தால் உடனே நடக்கும்? கோவித்துக்கொண்டால். எனக்குத் தெரிந்தவன் ஒவ்வொருவனும் தன் கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டான். ஒருவன் மோதிரத்துக்கு, ஒருவன் பைக்குக்கு, ஒருவன் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று. நான் ஒரு தடவைகூட முறுக்கியதில்லை. என் பங்கு அப்படியே பாக்கி இருக்கிறது.

மே 20, செவ்வாய்

காலையில் இட்லி வேண்டாம் என்றேன்.

"பசி இல்லையா மாப்ள?"

"இருக்குது."

"ஒடம்பு எதுனா?"

"நல்லா இருக்குது. கோவமா இருக்கேன்."

அத்தை கையில் இட்லித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மாமா எழுந்து வந்தார். "என்னா கொற வெச்சோம் மாப்ள?" பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு விஷயம். நீங்க சட்டைய கழட்டணும். அத்த எங்கூட உக்காந்து சாப்புடணும். இல்லன்னா எனக்கு இங்க பச்சத்தண்ணி வேணாம். சாரத்துல வீடும் வேணாம், நேரா க.குளம் போறேன்."

க.குளம் என்றே சொல்லிவிட்டேன், இங்கே எழுதி எழுதி. அவர்களுக்குப் புரிந்தது.

அத்தை ரே.க்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசத் தெரியும் அவருக்கு. "மாப்ள சாப்புட மாட்டேன்றாருடி. அப்பா சட்டைய கழட்டணுமாம். நான் அவரு பக்கத்துல உக்காரணுமாம்." அந்தப் பக்கம் பாங்க்கில் டோக்கன் கூப்பிடுகிற சத்தம் மட்டும். பிறகு ரே. குரல், ரொம்ப அடக்கமாக: "மாப்ள கோவம்மா. செஞ்சிதான் ஆவணும். வேற வழி இல்ல." வைத்துவிட்டாள். என் பெண்டாட்டி!

பதினொரு மணி. பசி. உள்ளே முருங்கைக்காய் சாம்பார் வாசனை. வேண்டுமென்றே செய்கிறார் என்று சந்தேகம். மாமா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடக்கிறார். ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தெருவுக்கே தெரிந்திருக்கும். தெரியட்டும்.

மதியம். கரண்ட் போய்விட்டது. மாமா வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்து, "ஃபியூஸ் இல்ல, லைன்லயே நிறுத்திட்டான்" என்று யாருக்கோ சொன்னார். பிறகு என் எதிரில் வந்து நின்றார். பட்டன்களை இடது கையால் கழற்றினார். இடது கை சட்டையிலிருந்து வெளியே வந்தது. வலது கை வரவில்லை. இழுத்துப் பார்த்தார். தோள் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் விடிவதற்குள் அந்தக் கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டவர் அத்தை. அந்த முட்டியோடு நின்று.

அத்தை இப்போதும் வந்தார். மாமா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"இந்தக் கைய கொஞ்சம் புடிங்க மாப்ள."

முழங்கையைத் தாங்கிப் பிடித்து, சட்டையை மெல்லக் கீழே இழுத்தேன். முதுகு பூராவும் சிவப்பு. பவுடர் எங்கே என்று கேட்டேன். சொன்னார். போட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, இருமி வைத்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அங்கேயே நின்று ஃபோன் செய்தேன். மாடியை எடுத்துக்கொள்கிறோம் என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த வூட்டு ஒயரிங் பழசு. சாமான் எறக்கறதுக்கு முன்னால நான் வந்து பாக்கறேன்" என்றார்.

சாப்பிடப் போனால் சாம்பார் ஆறிப்போயிருந்தது. அத்தை டேபிளில், என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், காலை ஸ்டூல்மேல் நீட்டி. சாம்பார் ஆறியிருக்கிறது என்றேன்.

"அடுப்பு அங்கதான் இருக்குது மாப்ள. நான் உக்காந்துட்டேன்."

சூடு பண்ணினேன். லேசாக அடி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.