பச்சை மைக் கையெழுத்து

12ஆம் தேதி, செவ்வாய்

அன்புத் தங்கை சின்னுவுக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் மகளும் சுகம். உன் வீட்டுக்காரருக்குக் கழுத்துவலி தேவலையா? போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மகளுக்கு எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்ததும் வாழ்த்துச் சொன்னேனே, அதில் பாதிதான் உண்மை. மீதி வயிற்றெரிச்சல். எழுதிவிட்டேன், போ. அக்காதானே, பொறுத்துக்கொள்.

என் மகள் ஐந்நூற்று எழுபத்தொன்று. உன் மகள் ஐந்நூற்று அறுபது. அவள் அப்பா இங்கே படித்தவர் என்பதற்காக உன் மகளுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கூட்டினார்கள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவள் உள்ளே போய்விட்டாள், இவள் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள். அந்தப் பன்னிரண்டைப் பட்டியலில் ஏற்றியது யார்? சேர்க்கைப் பிரிவு எழுத்தராகப் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிற நான்தான். விண்ணப்பத்தில் இங்கே படித்த உறவினருக்கு ஒரு கட்டம் உண்டு, வேலை பார்க்கிற உறவினருக்குக் கிடையாது. உன் வீட்டுக்காரர் படித்தது மூன்று வருடம், அதிலும் பாதி நாள் மைதானத்தில். அவருக்குப் பன்னிரண்டு, எனக்குச் சைபர். நீயே சொல், கொதிக்காதா?

உன் மகளுக்கு வாங்கின சக்கரம் வைத்த பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாய். என் மகளும் பார்த்தாள். "நல்ல கலர்மா" என்றாள். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இடத்தை ஏற்றுக்கொள்வதாக நீங்கள் அனுப்பின உறுதிப் படிவம் போன வியாழக்கிழமை வந்தது. ஆபீசில் எல்லாவற்றுக்கும் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அல்லவா உன் வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில் இதிலும் பச்சையில் போட்டுவிட்டார். இங்கே பச்சை மை முதல்வருக்கு மட்டும். வேறு யார் போட்டாலும் படிவம் செல்லாது என்று இரண்டாம் பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது. பெரிய மனிதர், படிக்கவில்லை. அப்படிப்பட்ட படிவத்தை அன்றைக்கே திருப்பி அனுப்புவது என் வேலை. இருபதாம் தேதிக்குள் திருத்தி வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் யார் என்று உனக்குத் தெரியும்.

ஐந்து நாள் அதை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், சின்னு. மறந்துபோய் அல்ல. நான் சும்மா இருந்தால் போதும், என்னை ஏன் என்று கேட்க ஆளில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது என் மகள், "ஏம்மா, இத்தனை வருஷமா அங்கதானே இருக்க, நமக்குன்னு உள்ளே ஒரு ஆள்கூடவா இல்ல?" என்று கேட்டாள். உங்கள் பன்னிரண்டு மதிப்பெண்ணைத் தினமும் திட்டின வாயால் அவளுக்கு என்ன சொல்வேன்? ஆள் இருக்கிறாள், இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள் என்றா? "இல்லடி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சையை அடித்துவிட்டு மறுபடி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நீல மைப் பேனாவும் உள்ளே இருக்கிறது. அவர் தன் சட்டைப்பைப் பேனாவைத் தொடவே வேண்டாம் என்று சொல். திருப்பி அனுப்பத் தபாலை நம்பாதே, பத்தொன்பதாம் தேதி நேரில் கொண்டுவா. நான் வாங்கி முத்திரை வைக்கிறேன். சிரிக்க மட்டும் சொல்லாதே.

உன் மகள் நன்றாகப் படித்து வரட்டும். என் கண் அவள்மேல் படாமல் இருக்கட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் படிவம் என் கையில் இருந்தது என்று என் மகளுக்கு ஒருநாளும் தெரிய வேண்டாம்.

ஆறுவதற்குக் கொஞ்ச நாள் கேட்கும்
உன் அக்கா