பேத்திக்குக் காலேஜ் கேட்டுப் பூ வைத்த நாள்

இன்று காலை பூக்காரி கூடையில் வெள்ளை அரளி கொண்டுவந்தாள். பார்த்ததும், அன்றைக்கு வீராம்பட்டினத்தில் அம்மன் முன்னால் நின்றவர்கள் நினைவில் வரிசையாக வந்துவிட்டார்கள்: நான், என் மருமகள் நீ, வாயே திறக்காத உன் புருஷன் முருகேசன், அவனுக்கு மூத்தவன் ஏழுமலை, உன் மகள் செல்வி, பூசாரி.

செல்வி ப்ளஸ் டூ முடித்திருந்தாள். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிற ஆராய்ச்சி, மெஷின் லேர்னிங், அதைத்தான் செய்வேன் என்றாள். இரண்டு காலேஜில் இடம் கிடைத்தது. எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தட்டாஞ்சாவடி கம்பெனியில் மாத்திரை டப்பா அடுக்குகிற வேலைக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில் டெலிபோன் பூத்துக்குப் போய் இரண்டுக்கும் போன் போட்டாய். வேலை கிடைக்குமா, ஹாஸ்டல் எப்படி என்றெல்லாம் நீ கேட்கவில்லை. "ரெண்டாவது வருஷத்துப் புள்ளைங்கள ஆராய்ச்சியில சேத்துக்குவீங்களா?" அது ஒன்றுதான்.

நம் நெல்லித்தோப்புக்கே பஸ் அனுப்பும் காலேஜில், "மொதல்ல பாஸ் பண்ணட்டும்மா" என்று சிரித்தார்கள். ஐதராபாத் காலேஜில் ஒரு வாத்தியார், அப்படி ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் ஒரு ரெண்டாவது வருஷத் தமிழ்ப் பெண்ணையே கூப்பிட்டு உன்னிடம் பேச வைத்தார்.

ஏழுமலை குதித்தான். "பொட்டப்புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு யார் பதில் சொல்றது? அம்மன்கிட்ட பூ வெச்சிக் கேளுங்க. வெள்ள வந்தா போவட்டும். செவப்பு வந்தா இங்கியே படிக்கட்டும்."

நீதான் இரண்டு பொட்டலத்தையும் மடித்தாய். பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை. எடுக்காததை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டில் பிரித்தால் அதிலும் வெள்ளை.

எட்டு நாள் உன் கையால் நான் சாப்பிடவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

இரண்டாவது வருஷம் செல்வி போன் செய்தாள். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்களாம். கையெழுத்தைப் படிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்களாம். அதற்கு ஆயா என் எழுத்து வேண்டுமாம். நான் மூணாங்கிளாசோடு நின்றவள். "நல்லா எழுதறவங்களக் கேக்கச் சொல்லு" என்றேன் உன்னிடம்.

"உங்க எழுத்தப் படிச்சிட்டா அது எதையும் படிச்சிடும் அத்த."

நீ கோடு போட்டுக் கொடுத்தாய். நூறு 'அ' எழுதினேன். பாதியில் சொன்னேன்: "ரெண்டும் வெள்ளதான்னு எனக்குத் தெரியும்."

"தெரியும் அத்த. இடுப்புல செருவனதப் பாத்தேன்."

அதற்குப் பிறகு உன் மேல் எங்கே கோபப்படுவது? இந்த வீட்டில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு அது ஒன்று. இப்போது அதைப் பேச எனக்கு ஆளில்லை.

அடுத்த வருஷமே நீ கண்ணை மூடினாய். உன்னை எடுத்த பிறகுதான் செல்வியின் ரயில் வந்தது. வாசலில் எல்லார் முன்னாலும் ஏழுமலை அவளிடம் சொன்னான்: "ஆராய்ச்சின்னு போனியே, உங்கம்மா வாயில தண்ணி ஊத்த ஆளில்ல." நான்தான் ஊற்றினேன். அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. செல்வி அழவில்லை. காரியம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். படிப்பை விடவில்லை, அது போதும். போன் வரும். "சாப்டியா ஆயா?" என்பாள். வைத்துவிடுவாள். ஊருக்கு வருவதில்லை.

அம்மனை ஏமாற்றிய உன்னை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அம்மனும் மன்னித்திருப்பாள். அந்த ஒரு வார்த்தையால் பிள்ளையின் கால் இந்த வாசலை மிதிக்காமல் செய்தவன் என் வயிற்றில் பிறந்தவன்தான். இருந்தாலும் என் கட்டை வேகிறவரை மன்னிக்க மாட்டேன், ஏழுமலையை.