உன் லாரியின் செம்பருந்து

மாப்ள,

திங்கட்கிழமை உன் லாரி என் பட்டறைக்கு வந்தது. எஃப்.சி. தகுதிச் சோதனைக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். கதவைத் திறந்தேன், நீ ஏற்றிய முட்டை அட்டைகளின் வாசம் இன்னும் உள்ளேயே இருந்தது. கூடவே வந்திருந்த உன் மனைவி வண்டியின் நெற்றியைக் காட்டி, "ஏனுங்கண்ணா, இந்தத் தடவையாச்சும் அவரு கேட்ட கருடனைப் போட்டுக் குடுத்துருங்க" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

கேரளாவுக்கு லோடு போகிற வழியெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, வானத்தைப் படமெடுத்து, போனில் இருக்கும் பறவைச் செயலியிடம் பெயர் கேட்பாய். வல்லூறு, பாம்புக் கழுகு என்று எனக்கும் அனுப்புவாய். "முட்டைய ஏத்திக்கிட்டு, குஞ்சு தூக்கறவன் பின்னால சுத்தறியேடா" என்று கிண்டல் செய்வேன். விடாமல் என் போனிலும் அந்தச் செயலியை ஏற்றிவிட்டாய்.

போன எஃப்.சி.க்கு உன் வண்டி நெற்றியில் நான் வரைந்த கருடன் முன்னால் நின்று, சும்மா இருக்காமல் போனை நீட்டினாய். வெண்தலைக் கழுகு, அமெரிக்கப் பறவை, இந்தப் பக்கமே கிடையாது என்றது அது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அதென்ன மாப்ள, பாஸ்போர்ட் இல்லாத பறவயப் புடிச்சு என் வண்டில ஏத்திட்ட? நம்மூரு செம்பருந்து போடு. அதுதானே கருடன்."

"அது கோழியாட்டம் இருக்கும்டா. அடுத்த எஃப்.சி.க்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

உண்மையில் எனக்குக் கோபம். சேலத்திலிருந்தெல்லாம் அந்தக் கழுகுக்காகத்தான் என்னைத் தேடி வருகிறார்கள். ஒரு போன் வந்து என் கைவேலையைத் தப்பு என்பதா என்ற திமிர். பிறகு நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் வேலை நெருக்கடி என்றேன். ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிபாளையம் பாலத்துக்குப் போய் வெயிலில் நின்றேன். ஆற்றின் மேல் ஒன்று தாழப் பறந்தது. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பெல்லாம் செங்கல் நிறம், சிறகு நுனி மட்டும் மை தொட்டாற்போல. அந்தக் கறுப்பை நான் எந்தக் காலத்திலும் கவனித்ததில்லை. கோழியாட்டமும் இல்லை.

மறுநாள் காலை பழைய கழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். முடித்ததும் போனை நீட்டினேன். செம்பருந்து என்றது. உன் மனைவி வந்து பார்த்தாள். பிறகு, "இத வரைய எத்தன நாளாச்சுங்கண்ணா?" என்று கேட்டாள்.

அரை நாள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாப்ள.