ஒரே இலை, இரண்டு கோப்பை

மார்ச் 4

உறுதியான செய்தி: மனைவிக்கு வந்திருப்பது சளி இல்லை, மகரந்த ஒவ்வாமை. சொன்னவர் மூக்கு டாக்டர், இன்று காலை, எங்கள் இருவர் முன்னிலையில். "வெறும் சளிதான்" என்று இத்தனை நாள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

தும்மலோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வாசனையே தெரியவில்லை என்கிறாள். அவளுக்கு மூக்குதான் வேலை. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். மேஜையில் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து தன் கரண்டியால் அள்ளி, ஊரே கேட்க உறிஞ்சி, துப்பிவிட்டு, எது என்ன தரம் என்று சொல்ல வேண்டும். நாக்கு பாதிதான் சொல்லும், மீதி மூக்கு என்பாள்.

ஆபீஸில் இன்னும் யாருக்கும் தெரியாது.

மார்ச் 5

பால்கனிப் பூச்செடிகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டோம். யோசனை என்னுடையது. கொடுக்கும் முன் ஒவ்வொரு தொட்டியையும் ஈரத்துணியால் துடைத்தாள்.

மார்ச் 9

செடிகள் நிரபராதிகள். டாக்டர் சிரித்தே விட்டார். "வண்டு தேடி வர்ற பூவோட மகரந்தம் கனமா, பிசுபிசுன்னு இருக்கும். காத்துல அவ்வளவா பறக்காது. உங்க தெரு மரத்தை அண்ணாந்து பாருங்க சார்."

பார்த்தேன். பூவென்றே யாரும் சொல்லாத மஞ்சள் சரங்கள், புழுக்கள் மாதிரி கிளைக்குக் கிளை தொங்குகின்றன. தட்டினால் புகை போல் தூள். அந்த மரத்துக்கு நேரே இருக்கும் ஜன்னலை, நல்ல காற்று வரட்டும் என்று தினமும் விடிந்ததும் திறந்து வைத்தவன் நான்.

இனி ஜன்னல் மூடியே இருக்கும். வெளியே போய் வந்தால் குளியல், வேறு உடை. துணி உள்ளேதான் காயும். காய்ச்சி ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். ஸ்பிரே தினமும். சரங்கள் வரும் முன்பே தொடங்கியிருக்க வேண்டுமாம். இப்போது மெதுவாகத்தான் கேட்கும்.

தொட்டிகளைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அக்கா அதற்குள் பந்தல் போட்டுவிட்டாள்.

மார்ச் 13

அவள் கைப்பையில் வேறொரு மருந்து. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு. விட்டதும் மூக்கைத் திறக்கும். மூன்று நான்கு நாளுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்த அதே சொட்டு. எத்தனை நாளாக?

"விட்டவுடனே கொஞ்ச நேரம் ஏதோ தெரியற மாதிரி இருக்குங்க. அதுக்குள்ள மேஜையை முடிச்சுடறேன்."

கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டேன்.

மார்ச் 17

ஆபீஸில் தெரிந்துவிட்டது.

தலைமை ருசியாளர் — எல்லாருக்கும் 'பெரியவர்' — அவ்வப்போது சொல்லாமல் ஒரே இலையை மேஜையின் இரு முனைகளிலும் வைப்பாராம். இன்று வைத்தார். முதல் கோப்பையை இவள் "பளிச்சுனு இருக்கு" என்றாள். அதே இலை கடைசிக் கோப்பையில் வந்தபோது, "பழசு."

"என்னம்மா, இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்குப் போறதுக்குள்ள இலைக்கு வயசாயிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாளாம். பிறகு அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டவில்லை. ஏப்ரல் கடைசியில் மறுபடி பார்ப்போம், அதுவரை மேஜைப் பக்கம் வர வேண்டாம் என்றார்.

மார்ச் 18

கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஏப்ரல் 2

சொட்டை நிறுத்தியாயிற்று. முதல் சில நாள் நரகம், உட்கார்ந்தபடியே தூங்கினாள். இப்போது தும்மல் பெரும்பாலும் இல்லை. கண் அரிப்பும் இல்லை. மூச்சு நன்றாக வருகிறது, வெறும் காற்றாக.

ஏப்ரல் 11

வீட்டிலேயே நான் ஒரு சோதனை வைத்தேன். ஒன்றில் புது இலை, இன்னொன்றில் டப்பா அடியில் கிடந்த மக்கல். இரண்டையும் உறிஞ்சினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

பத்திரிகையில் ஊர்ஜிதம் செய்யாமல் ஒரு வரி அச்சுக்கு அனுப்பாதவன் நான். "ஆமா, ஒண்ணுதான்" என்றேன்.

கோப்பைகளைக் கழுவப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"சக்கை ரெண்டு நிறமா இருக்கே."

என்னிடம் சொல்லவில்லை. குழாயிடம் சொன்னாள். ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 20

சரங்கள் உதிர்ந்து தெருவெல்லாம் மிதிபடுகின்றன. ஜன்னலை இன்னும் திறக்கவில்லை.

மாலையில் கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கரண்டியை எடுத்தாள். சோப்புகூடப் படவிடாமல் வைத்திருந்தது. தன் கோப்பையில் சர்க்கரை போட்டு அதைக்கொண்டே கலக்கினாள்.

"அதையா எடுத்தே?"

"ஏங்க, இதுவும் கரண்டிதானே."

மறுதேர்வு 27, திங்கள். வாசனை திரும்புமானால் மே நடுவில்தான் என்கிறார் டாக்டர், அதுவும் நிச்சயமில்லை. தேதியைத் தள்ளிவைக்கும்படி பெரியவருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. பதில் வெள்ளி மாலைக்குள் வரும்.