மொழி எழுதாத கோப்புகள்

நாமக்கல்
மே 9, காலை

அன்புள்ள கௌதமனுக்கு,

கந்தப்பன் எழுதுகிறேன். வெயிலைத் தவிர இங்கே குறையில்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. போனில் சொல்ல வாய் வராததால் இந்த மின்னஞ்சல்.

கோழிக் கொட்டகை விசிறிகளை இயக்கும் மென்பொருளை வியட்நாமிலிருந்து அனுப்பினாயே, அதில் மூன்று கோப்புகள். தமிழ், ஆங்கிலம், அந்த ஊர் மொழி என்று சொன்னாய். பெயரில் எண் மட்டும்தான் இருந்தது. எது எந்த மொழி என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முத்தாயம்மாள் பண்ணையில் இரண்டாவதை ஏற்றினேன். ஏற்றும்போது ஆங்கிலம் வந்ததால் அது போதும் என்று விட்டுவிட்டேன், ஏற்றும் படிகள் மூன்றிலும் ஆங்கிலம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓடும்போது, வீட்டில் வைத்த பெட்டியின் திரையில் வெறும் எண்கள். எச்சரிக்கை வந்தால்தான் எழுத்து வரும் என்பது உனக்கே தெரியும்.

செவ்வாய் மதியம் அந்த அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டார். "சாமி, பொட்டியில என்னமோ எழுத்து வந்து நிக்குதுங்க. இங்கிலீசாட்டம் இருக்குது, மேலயுங் கீழயும் புள்ளி வெச்சிருக்குது" என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டிச் செய்தியாக இருக்கும், கீழே உள்ள பொத்தானை அமுக்குங்க, போயிரும் என்றேன். அமுக்கினார். போய்விட்டது.

விசிறிகள் நின்றுவிட்டன, காற்று வர உடனே பக்கப் படுதாக்களைத் தூக்குங்கள் என்பதுதான் அந்தச் செய்தி. பிறகு பெட்டியின் பதிவிலிருந்து எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மாவின் மருமகள் ரஞ்சிதா கொட்டகைக்குப் போயிருக்கிறார். உள்ளே ஒரு சத்தமும் இல்லையாம். கோழிகள் கூண்டுகளிலேயே செத்துக் கிடந்தன. அதற்கு முன்பே சந்தேகப்பட்டுப் போன முத்தாயம்மாள், கையில் படுதாக் கயிற்றோடு தரையில் கிடந்தார்.

நேற்றுதான் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். வெப்பம் தாக்கியதில் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர். என்னைப் பார்த்ததும், "நீங்க சொன்னதத்தானுங்களே அமுக்குனேன்?" என்று மெல்லக் கேட்டார். குறை சொல்லவில்லை கௌதமா, தான் ஏதும் தப்புச் செய்தோமோ என்று கேட்டார். போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் மகன் காதில் அது விழவில்லை.

என்னைப் போலவே பண்ணைகளுக்கு விசிறிப் பெட்டி பொருத்தும் ஆனந்தகுமாரும் நீ அனுப்பிய அதே இணைப்பிலிருந்து எடுத்து மூன்று பண்ணைகளில் ஏற்றியிருக்கிறார். எந்த எண் என்று நினைவில்லையாம். "நல்லாத்தான் ஓடுதுங்க" என்கிறார். முத்தாயம்மாளிடமும் ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு பண்ணைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் தமிழ். மற்றதில் நீ இருக்கிற ஊர் எழுத்து, மாற்றி வைத்தேன். மூன்றாவது அயோத்தியாப்பட்டணம் தாண்டி. நேற்று மாலையிலிருந்து அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. இப்போது கிளம்புகிறேன். மணி ஒன்பதுதான், அதற்குள் சுவரில் கை வைக்க முடியவில்லை.

பழைய இணைப்பை உடனே எடுத்துவிடு. கோப்பின் பெயரிலேயே மொழியை எழுது, தமிழ் என்றால் தமிழ் எழுத்தில். வேறு யாரெல்லாம் எடுத்தார்கள் என்ற பட்டியலை மதியத்துக்குள் அனுப்பு. திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய், நான் போனில் சொன்னதை அவர் மகனிடம் சொல்லப் போகிறேன்.

நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்காக ஒரு தடவை கும்பிட்டுக்கொள், எனக்குக் கை கூப்ப மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் நண்பன்
கந்தப்பன்