வண்ண மீன் கடையின் திடீர் வியாபாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் நின்றதா, ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறாயா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

நீ இங்கே வாங்க நினைக்கும் வண்ண மீன் கடையைப் பற்றிப் போன கடிதத்தில் நான் எழுதியதை முதலில் மறந்துவிடு. போகும்போதெல்லாம் தொட்டிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன, சாயங்காலம் நிற்க இடமிருக்காது என்று கடைக்காரர் சொல்கிறார், தைரியமாக வாங்கு என்று எழுதியிருந்தேன். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்.

நீ சொன்னபடி, யாரென்று காட்டிக்கொள்ளாமல் காலை வேளைகளில் போய்ப் பார்த்து வந்தேன். வேடிக்கை பார்த்துவிட்டு வெறுமனே திரும்ப எனக்குக் கூச்சம், ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடி மீன் வாங்கிவிட்டேன். ஒரு ஜோடி கண்ணாடி ஜாடியில், ஒரு ஜோடி துணி ஊறவைக்கிற வாளியில். "நான் குளிக்க ஒரு வாளியாவது விட்டு வைப்பியா" என்று உன் அப்பா கேட்டார். அவர் வாய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீ வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடப் போகிறாய் என்ற சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன், அவரும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியே ஒவ்வொருவரிடமாகச் சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போனேன். டி.வி. பக்கத்தில் ஒரு மீன் தொட்டி. ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து போகிறவள், திடீரென்று மீன் வளர்க்கிறாளே என்று நினைத்தேன். அங்கிருந்து உன் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே இரண்டு தொட்டி, அவர் என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார். ஜாக்கெட் வாங்கத் தையற்காரி வீட்டில் நுழைந்தால் மிஷின் மேல் ஒரு ஜாடி. அவளைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "நம்ம பொண்ணு வாங்கப்போற கடையாச்சே, ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு போனேன்க்கா. போயிட்டு ஒண்ணும் வாங்காம எப்படி வர்றது" என்றாள். அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர் மீன் தீவனம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறாராம், மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் காலையில் போவேன் என்று தெரிந்து எல்லோரும் சாயங்காலமாகப் போயிருக்கிறார்கள். அந்தக் கடையில் நடந்த வியாபாரமெல்லாம் நாம்தான், கண்ணு.

கடைக்காரரைக் குற்றம் சொல்லாதே. வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று நம்பித்தான் அவர் விலையைக் கூட்டினார், அதற்கும் நீ சம்மதம் என்று எழுதிவிட்டாய். திங்கட்கிழமை போய் நான் உன் அம்மா என்று சொல்லி, உள்ளதையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "நான்கூட, கடையை விட்டுப் போற நேரத்துல நமக்கும் காலம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்ம்மா. இதுக்கு முன்னாடி பல நாள் போணியே ஆகாது" என்றார். எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சங்கடத்தில் இன்னொரு ஜோடி வாங்கி வந்துவிட்டேன், உன் அப்பாவுக்குத் தெரியாது.

இதை அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நீ கடையை வாங்கிவிடுவாய், வீட்டுக்கு வந்துவிடுவாய், தினமும் உன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசை. அப்புறம், நீ அங்கே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளியாகப் போய், காலியான கடையில் நாற்காலி போட்டு நீ ஒற்றையாய் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். என் ஆசைக்கு நீ ஏன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அந்தக் கடை வேண்டாம். எதிலும் கையெழுத்துப் போடாதே, முன்பணம் அனுப்பாதே.

இன்னொன்று. கையில் ஒரு தொழில் இருந்தால்தான் வீட்டுக்குத் திரும்பி வர முகம் இருக்கும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அங்கே வேலை பிடித்திருந்தால் இரு, பிடிக்கவில்லையென்றால் புறப்பட்டு வா, என்ன செய்வது என்று வந்த பிறகு யோசிக்கலாம். யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு டாக்டரைப் பார். ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைவாக இருக்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். தொட்டித் தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும் என்று மறக்காமல் எழுது, சித்தியும் மாமாவும் என் உயிரை வாங்குகிறார்கள். மீனைப் பற்றி ஒன்றுமே தெரியாத இத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மீன் வாங்கி வைத்திருக்கிறார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசை, அதற்குக் கடை எதற்கு?

என்றும் உன்,
அம்மா